ஒரே இரும்பு, இரண்டு கட்டை

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். உன் அத்தானும் நலம்தான். சலூனில் நாள் முழுக்க நின்று முடிவெட்டுவதால் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. உன் மனைவியின் இருமல் எப்படி இருக்கிறது? தையல் மெஷின் பக்கத்தில் இருக்கும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல். எல்லாம் துணித் தூசி செய்கிற வேலை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்தேன். துப்பாக்கியைத் தோளில் தாங்குகிற கட்டை மரத்தில் ஆகாதாம், மரம் பொய் சொல்லுமாம்! சொல்வது யார்? தினமும் மரத்தை அறுத்துப் பிழைக்கிற தச்சன். இது உன் பட்டறைக்கு வருகிறவர்கள் காதில் விழுந்தால், பீரோ செய்யச் சொன்னவர்கள் எல்லாம் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

நான் ஏன் மரக்கட்டையை விடமாட்டேன் என்று மறுபடியும் சொல்கிறேன், காது கொடுத்துக் கேள். காலை முதல் மாலை வரை பிளாஸ்டிக் ஈறும் பிளாஸ்டிக் பல்லும் செய்கிறேன். அரைக்கிறேன், தேய்க்கிறேன், பளபளப்பாக்குகிறேன். வீட்டுக்கு வந்து தலை சீவினால் பிளாஸ்டிக் தூள் உதிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கிளப்புக்குப் போய்த் துப்பாக்கியைத் தோளில் வைத்தால் அங்கேயும் கன்னத்தில் பிளாஸ்டிக்கா? மரம் என்றால் கன்னம் வைத்த கொஞ்ச நேரத்தில் சூடாகிவிடும். ஒரு மனுஷர் மேல் சாய்ந்த மாதிரி இருக்கும். உன் நீல பிளாஸ்டிக் கட்டை, டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்த மாதிரி சில்லென்று இருக்கிறது. சுட்டால் காலி வாளியைத் தட்டிய சத்தம் வேறு.

சரி, காரியத்துக்கு வருகிறேன். நாம் ஒரே ஊரில் இருந்தபோது இருவர் பெயரிலும் லைசென்ஸ் எடுத்துச் சேர்ந்து வாங்கிய ஒரே துப்பாக்கி. குழலும் விசையும் சேர்ந்த இரும்பு ஜனவரி முதல் ஜூன் வரை உன்னிடம், ஜூலை முதல் டிசம்பர் வரை என்னிடம். கட்டை அவரவர் கட்டை. ஒரு நாள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த முறை ஜூலை ஒன்றாம் தேதி இரும்பு என் கிளப்பில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு அணித் தேர்வு. நான்கு பேரை எடுப்பார்கள். போன வருஷம் நான் ஐந்தாவது. ஐந்தாவது வந்தவளுக்கு அணியில் என்ன வேலை தெரியுமா? மற்ற நாலு பேர் சுடும்போது அவர்களுடைய கைப்பைகளைப் பார்த்துக்கொள்வது. இன்னொரு வருஷம் கைப்பை காக்க என்னால் முடியாது.

இருமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இருமல் குறைந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்ததில் பக்கத்து வீட்டுப் பூனை துணிக் குவியலில் குடிவந்துவிட்டது; அதற்கு நீதான் பொறுப்பு.

மரத்தோடு நீ ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழகுகிறாய் அக்கா. விருந்தாளியிடம் எல்லாரும் நல்லவர்கள்தான். நான் அதோடு தினமும் குடித்தனம் நடத்துகிறேன். வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். நேற்றுகூட ஒரு டீச்சர் வந்து, "என்னப்பா, நீ செஞ்சு குடுத்த அலமாரி மழை பெஞ்சா மூட மாட்டேங்குது, வெயில் அடிச்சா தானா திறந்துக்குது" என்றார். "மரம்னா அப்படித்தான் டீச்சர்" என்றேன். "அதை முன்னாடியே சொல்லியிருந்தா இரும்பு பீரோவே வாங்கியிருப்பேனே" என்கிறார். அந்த மரத்தில் குழலைப் பூட்டி, ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு பொட்டில் அடி என்றால் எப்படி அடிக்கும்? மரம் ஒரு பக்கம் உப்பினால் குண்டும் ஒரு பக்கம் போகும். என் நீலக் கட்டை தண்ணீர் குடிக்காது, எண்ணெய் கேட்காது, மழைக்குப் பேச்சு மாறாது. கன்னம் வைக்கிற தாங்கியைத் திருகினால் வேண்டிய உயரத்துக்கு ஏறும், இறங்கும். உன் கட்டையில் கழுத்துதான் ஏறி இறங்க வேண்டும்.

ஒரே ஒரு குறை. இரும்பு அதற்குள் இம்மியளவு ஆடுகிறது. வருகிற ஞாயிறு கிளப் பட்டறையில் இரண்டு பசையைக் கலந்து கட்டைக்குள் பூசி, இரும்பை அதன்மேல் வைத்து இறுக்கிவிடப் போகிறேன். காய்ந்தால் இரும்பின் அச்சு அப்படியே விழுந்து, ஆடாத இருக்கை அமைந்துவிடும். பிறகு தூக்கினால் இரும்பு தனியாக வந்துவிடுமாம்.

ஜூலை ஒன்றாம் தேதி இரும்பு உன்னிடம் இருக்கும். தச்சன் சொல்லும் தேதியை நீ நம்பமாட்டாய். தம்பி சொல்லும் தேதி என்று வைத்துக்கொள்.

உன் தம்பி


ஜூன் 3

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். முழங்கால் தேவலையா? இதை உங்கள் சலூன் முகவரிக்கு எழுதுவதிலிருந்தே இது நல்ல சேதி இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடையில் ஆள் இருந்தால் வாய்விட்டுப் படிக்காதீர்கள்.

ஒட்டிக்கொண்டுவிட்டது.

பசை பூசி, இரும்பை வைத்து இறுக்கி, காயவிட்டு, மறுநாள் திருகாணிகளைக் கழற்றித் தூக்கினேன். வரவில்லை. ரப்பர் சுத்தியலால் தட்டினேன். எங்கள் கிளப் செயலாளர் ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்து இழுத்தோம். அவர் சட்டைப் பொத்தான்தான் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது செய்து பார்க்கிறேன். இரும்பும் நீலக் கட்டையும் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி இருக்கின்றன.

தச்சனுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். தச்சன் என்பதால்தான் அத்தான் வந்த வினை. மரப்பசை இரும்பில் ஒட்டாது. இறுக்குகிற இரும்புப் பிடியில் எவ்வளவு வழிந்தாலும் நகத்தால் சுரண்டினால் தகடாக உரிந்துவிடும். இத்தனை வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, பசை என்றால் இரும்பை ஒன்றும் செய்யாது என்று கை நம்பிவிட்டது. இது வேறு ஜாதிப் பசை. இரும்பையும் கல்லையும் ஒட்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. ஒட்டிய பிறகுதான் படித்தேன். மறுநாள் அக்காவின் கடிதம் வருகிறது: "பசை வைக்குமுன் இரும்பில் ஒட்டாத் தண்ணி தடவிவிடு. பல்செட் வேலையில் அதுதான் முதல் பாடம்." தடவிக்கொண்டேன், என் தலையை.

ஜூலை ஒன்றுக்கு இரும்பு போகாவிட்டால் அவளுக்குத் தேர்வு இல்லை. கிளப்பில் எல்லாரும் பழகுகிற பொதுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நான்காவது வர முடியாது. ஒட்டியபடியே அனுப்பினாலும் நீலத்தில் கன்னம் வைக்கமாட்டாள். அதைவிட ஒரு பயம். தன் கட்டைதான் உசத்தி என்று காட்ட வேண்டுமென்றே ஒட்டிவிட்டான் என்று நினைத்துவிட்டாள் என்றால்? அதுதான் தூங்கவிட மாட்டேன் என்கிறது. ஒரு வழி சொல்லுங்கள். அக்காவிடம் மூச்சு விடாதீர்கள்.

உங்கள் மச்சான்


ஜூன் 14

அன்புள்ள மச்சானுக்கு,

முழங்காலுக்கு உன் கடிதமே மருந்து. சிரித்த சிரிப்பில் வலி மறந்துவிட்டது. அது வந்த நேரத்தில் ஒருவருக்குத் தாடி மழித்துக்கொண்டிருந்தேன். நான் படித்து முடிக்கும்வரை மனுஷர் பாதித் தாடியோடு உட்கார்ந்திருந்தார்.

சலூனுக்கு வராத அறிவாளி உண்டா? "சும்மா ஒரு சந்தேகம். இரும்பும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிட்டா எப்படிப் பிரிக்கறது?" என்று ஒவ்வொரு தலையிடமும் கேட்டேன். ஒருவர் சூடாக்கு என்றார். ஒருவர் பிரிக்காதே, பாவம் என்றார். ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை செய்கிறவர் மட்டும், "நல்லாக் குளிர விடுங்க. இரும்பு ஒரு மாதிரி சுருங்கும், பிளாஸ்டிக் ஒரு மாதிரி சுருங்கும். டொக்குனு விட்டுடும்" என்றார். முயன்று பார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா வேலை முடிந்து வந்ததும் அந்த வெறும் மரக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு படுக்கையறைத் தரையில் குப்புறப் படுத்துக் கிடக்கிறாள். குழல் இல்லை, விசை இல்லை. இல்லாத விசையை விரல் இழுக்கிறது. "என்ன பண்றே?" என்று கேட்டால், "மூச்சை நிறுத்திப் பழகறேன், பேச்சுக் குடுக்காதீங்க" என்கிறாள். அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. நீ சொல்லும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் பேசாத சலூன்காரன் கடைக்கு யார் வருவார்கள்? சீக்கிரம் ஒரு முடிவெடு.

உன் அத்தான்


ஜூலை 6

தம்பிக்கு,

நான் நலம், அத்தான் நலம். மற்றதெல்லாம் உன் பதிலைப் பொறுத்தது.

இரும்பு எங்கே? என்னைக் கண்டதும் எங்கள் கிளப் செயலாளர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார். போன வருஷம் நான்காவது வந்த மருந்துக்கடைக்காரி, "என்னக்கா, உங்க துப்பாக்கி இன்னும் லீவுலயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறாள். கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தேன். அதன் விசையை இழுக்க ஒரு மாட்டு வண்டி வேண்டும்.

இரண்டு வருஷம் முன்பு, டிசம்பர் கடைசியில் மூன்று நாள் முன்னதாக நீ கேட்டபோது நான் தரவில்லை. அந்தக் கோபமா? அப்படியானால் சொல், தப்பு என் பேரில்தான். வேறு ஏதாவது என்றாலும் சொல். என்னிடம் நீ எதையும் மறைத்ததில்லை என்பதால்தான் கோபத்தைவிடக் கவலை அதிகமாக இருக்கிறது.

உன் அத்தான் ஒரு மாதமாக என்னிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசுகிறார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரும்பு நேற்றுப் புறப்பட்டுவிட்டது.

ஐஸ்கிரீம் யோசனை பலிக்கவில்லை. இங்கே இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் கெஞ்சி இடம் வாங்கினேன். துப்பாக்கி கிளப்பை விட்டு வெளியே போனால் செயலாளர் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நல்ல மனுஷர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெண்ணிலா டப்பாக்களுக்கு நடுவில் காவல் நின்றார். துப்பாக்கி குளிர்ந்தது, பசை அசையவில்லை. செயலாளருக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டார். "செயலாளருக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் தாமதம்" என்று அக்காவுக்கு எழுதிவிட்டேன். பாருங்கள், பொய்கூட இல்லை.

அவர் எழுந்து வந்ததும் ஆக்ஸா பிளேடை எடுத்தேன். இரும்பில் கீறல் விழாமல் நீலக் கட்டையை நடுவில் அறுத்து, பக்கவாட்டில் அறுத்து, துண்டு துண்டாகப் பெயர்த்தேன். மரமாக இருந்தால் உளியை வைத்து இழை பார்த்து வெண்ணெய் மாதிரி எடுத்திருப்பேன். பிளாஸ்டிக்குக்கு இழையும் இல்லை, இரக்கமும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, இது மரமாக இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். இந்த வரியை அக்கா பார்த்தால் சட்டம் போட்டு மாட்டிவிடுவாள்; கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

ஆசை ஆசையாக வாங்கிய கட்டை. கண் கலங்கியது உண்மை. ஆனால் அவள் தரையில் படுத்து இல்லாத விசையை இழுக்கிறாள் என்று எழுதினீர்களே, அதற்குப் பிறகு எனக்கு வேறு வழி தோன்றவில்லை. கட்டை போனது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் மச்சான்


ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கிளப் செயலாளருக்கு உடம்பு தேறிவிட்டதா? நான் கேட்டதாகச் சொல். நாங்கள் சௌக்கியம்.

நான்காவது!

மருந்துக்கடைக்காரி ஐந்தாவது. கடைசிக் குண்டுவரை யார் என்று தெரியவில்லை. அன்று காலையிலிருந்து மழை. முதலில் போட்டதெல்லாம் இடது பக்கமாகவே போய் விழுந்தது. காற்று என்று வைத்துக்கொள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். பிறகு கொஞ்சம் வலது பக்கம் பிடித்துச் சுட்டேன். முடிவைப் படித்ததும் உன் அத்தான் சத்தமாகக் கைதட்டினார்; அமைதி காக்கச் சொல்லி அவரை வெளியே அனுப்பினார்கள். மருந்துக்கடைக்காரியின் கையில் என் கைப்பையைக் கொடுத்தேன். பாவம், நல்ல பெண். அவளும் சிரித்துவிட்டாள்.

அணிப் போட்டி பிப்ரவரியில். அது உன் அரை வருஷம். அதை அப்புறம் பார்க்கலாம்.

இரும்பு நன்றாக வந்து சேர்ந்தது. விசை மூலையில் கொஞ்சம் நீலத் தூள் இருந்தது, ஊதிவிட்டேன். உன் கட்டை நலமா?

உன் அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், பூனை உட்பட. நீ நான்காவது வந்த சேதியைக் கேட்டு நானும் செயலாளரும் பட்டறையில் ஆடாத குறைதான். டீச்சர் வேறு வந்திருந்தார். விஷயம் புரியாமலே அவரும் கைதட்டினார்.

கட்டை நலம். அலமாரியில் ஓய்வெடுக்கிறது.

உன் தம்பி


செப்டம்பர் 5

என் அன்புத் தங்கைக்கு,

இருமல் முழுசாகப் போய்விட்டதா? இங்கே நான் நலம். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம். தையல் மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டிவிடு.

உன் வீட்டுக்காரன் தன் கட்டை அலமாரியில் ஓய்வெடுப்பதாக எழுதியிருக்கிறான். எத்தனை துண்டாக ஓய்வெடுக்கிறது? நான் நாள் முழுக்கப் பிளாஸ்டிக்கை அறுக்கிறவள். அறுத்த தூளுக்கும் தேய்ந்த தூளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். அத்தானைப் பிடித்து உலுக்கினேன், எல்லாம் கொட்டிவிட்டது.

எல்லாத் துண்டையும், சுண்டுவிரல் நகம் அளவு இருந்தாலும் விடாமல், துணியில் சுற்றி எனக்கு அனுப்பு. அலமாரிக் கதவைச் சாத்தி வை. அவன் திறந்து பார்க்கமாட்டான். பார்க்க அவனுக்கு மனசு வராது.

உன் அண்ணி


டிசம்பர் 29

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அத்தான் முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்; அதை அவர் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிகிறார்.

ஒப்பந்தப்படி இரும்பு ஒன்றாம் தேதி உன் கிளப்பில் இருக்கும். கூடவே, உன் அலமாரியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த கட்டையும் உன் வீட்டுக்குப் பார்சலில் வரும். அது எப்படி என் ஊருக்கு வந்தது என்று கேட்காதே, அது எப்படிப் பதினொரு துண்டானது என்று நானும் கேட்கவில்லை.

உடைந்த பல்செட்டை ஒட்டுவது எனக்குத் தினசரி வேலை. தும்மினால் உடையும், கை தவறினால் உடையும். உன் கட்டையையும் ஒரு பெரிய பல்செட் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே கம்பி கொடுத்து, மாலை மாலையாக உட்கார்ந்து ஒட்டினேன். இரும்புக்கு இருக்கையும் கட்டிவிட்டேன், இம்மி ஆடாது. ஒரே ஒரு சங்கடம். எங்கள் பல்செட் கூடத்தில் நீலம் கிடையாது. ஈறு நிறம்தான் உண்டு. பொறுத்துக்கொள்.

ஜூலையில் ஒரே ஒரு நாள், நீ வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாய் என்று நினைத்தேன். நீலத் தூளைப் பார்த்த அன்று அழுதேன். எனக்காகத் தன் கட்டையைத் தானே அறுத்தவனைப் போய் அப்படி நினைத்தோமே என்றுதான். இனிமேல் எது ஒட்டிக்கொண்டாலும் முதலில் எனக்கு எழுது.

பார்சலில் ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது. ஒட்டாத் தண்ணி. அதைப் பார்க்கும் இடத்தில் வை.

உன் அக்கா

(பின்பக்கத்தில், பென்சிலில்)

மச்சான், தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். ஒட்டு தாங்குகிறதா என்று பார்ப்பதற்காக அந்தக் கட்டையை வைத்து ஒரு ஞாயிறு சுட்டாள். எத்தனை புள்ளி எடுத்தாள் என்று சொல்லமாட்டேன் என்கிறாள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவளுக்கு மீசை இல்லை. இருந்தால் அதில் மண் ஒட்டியிருக்காது. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. – அத்தான்


ஜனவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஒட்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து, "அழறீங்களா சிரிக்கிறீங்களா?" என்றாள். எனக்கே தெரியவில்லை. கிளப்பில் எல்லாரும் கட்டைக்கு ஈறு முளைத்திருக்கிறது என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இவ்வளவு நன்றாக இந்தக் கட்டை முன்பு எப்போதும் உட்கார்ந்ததில்லை. பாட்டிலைப் பசை டப்பாவின் தலைமேலேயே வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். கன்னத்தாங்கி எனக்கு எப்போதும் ஐந்தாவது கோட்டில் இருக்கும். நீ அனுப்பும்போது மூன்றாவது கோட்டில் இருந்தது. யாரோ கழுத்துக் குட்டையான ஆள் அதில் கன்னம் வைத்துச் சுட்டிருக்கிறார். உனக்குத் தெரிந்தவரா? எத்தனை எடுத்தாராம்? என் அளவுக்குத் திருகிக்கொண்டேன்.

பிப்ரவரியில் யாருக்கோ போட்டி என்று கேள்விப்பட்டேன். கேட்டால்தான் கிடைக்கும்.

உன் தம்பி


ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். அத்தான் பட்டையை இப்போது முழங்காலில்தான் போடுகிறார். நான்கு நாளாக நல்ல மழை, துணி காயவில்லை. படுக்கையறைக் கதவும் மூடவில்லை, உப்பியிருக்கிறது. வேலையில் ஒருவருக்கு இரண்டு செட் பல் கட்டினேன், ஒன்று சிரிப்பதற்கு, ஒன்று சாப்பிடுவதற்கு. பூனை எப்படி இருக்கிறது?

பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு அணிப் போட்டி. அது உன் அரை வருஷம். ஒரு நாள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று சட்டம் பேசியவள் நான்தான். அன்று உனக்கு மூன்று நாள் தராதவள் இன்று இரண்டு வாரம் கேட்கிறேன். கொடுத்துவிடு.

உனக்குப் பட்டறையில் வேலை அதிகம் இருக்கும். திருகாணியைக் கழற்றி, இரும்பைத் தனியாக எடுத்துக் கட்டுகிற சிரமமெல்லாம் வேண்டாம். கட்டையோடு அப்படியே அனுப்பிவிடு.

மூன்றாவது கோட்டில் வைத்து அனுப்பு.

உன் அக்கா